விண்டோஸோடு வந்த புரோகிராம்கள்: எதை மாற்றலாம், எப்படி மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும், ஆன்லைனில் வரவழைத்தாலும், புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 மட்டும் வருவதில்லை. அதோடு ஒரு பட்டாளம் புரோகிராம்களும் வரும். அவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும், சில பெயருக்கு இருக்கும், சில கொஞ்ச நாள் கழித்துப் பணம் கேட்கும். எதை வைத்துக்கொள்வது, எதற்குப் பதில் வேறொன்றைப் போடுவது என்று கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் தாங்களே செய்து பார்க்கும் வகையில் இங்கே சொல்லியிருக்கிறோம். மெனுப் பெயர்கள் ஆங்கில விண்டோஸில் இருக்கும் அதே பெயர்கள்தான், தமிழ் எழுத்தில்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். புது புரோகிராமை நிறுவுவது ஒரு வேலை. கோப்பை இரண்டு முறை தட்டினால் அதுவே திறக்கும்படி செய்வது, அதாவது ‘டிஃபால்ட்’ ஆக்குவது, இரண்டாவது வேலை. பழையதை நீக்குவது மூன்றாவது வேலை, அது பெரும்பாலும் தேவைப்படாது. “விஎல்சி போட்டேன், ஆனா பழைய பிளேயர்தான் திறக்குது” என்று சொல்பவர்கள் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதை விட்டவர்கள். அதைவிட மோசம், நேராக மூன்றாவதற்குத் தாவி விண்டோஸின் சொந்தப் பகுதிகளைப் பிடுங்கிப் போடுவது.

தொடங்கும் முன் பத்து நிமிடம்

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதில் அபவுட். ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் 64-பிட் என்றும், பிராசஸர் எக்ஸ்64 அல்லது ஆர்ம் என்றும் இருக்கும். பெரும்பாலான லேப்டாப்கள் எக்ஸ்64. குவால்காம் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புது மாடல்கள் ஆர்ம் வகை. இறக்கும்போது உங்களுக்கு உரியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே சிஸ்டம் பகுதியில் ஆக்டிவேஷன் என்பதையும் பாருங்கள். ‘எஸ் மோட்’ என்று எழுதியிருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர வேறெதையும் அந்த லேப்டாப் ஏற்காது. குறைந்த விலை மாடல்கள் சில இப்படி வருகின்றன. எஸ் மோடிலிருந்து வெளியே வருவது இலவசம், ஸ்டோர் வழியாகவே செய்யலாம். ஆனால் வெளியே வந்தபின் திரும்பப் போக வழியில்லை. பிள்ளைகள் கண்டதையும் நிறுவிவிடுவார்கள் என்று பயப்படும் வீட்டில் எஸ் மோட் அப்படியே இருப்பதுகூட நல்லதுதான். வீடியோ ஓட்டும் விஎல்சி, பிரவுசரான ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் ஸ்டோரிலேயே கிடைக்கும்.

அடுத்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடித் திறங்கள். சி டிரைவுக்கு எதிரே ‘ஆஃப்’ என்று இருந்தால் கான்ஃபிகர் பொத்தானில் போய் ஆன் செய்து, கிரியேட் கொடுத்து, ஒரு பெயர் வையுங்கள். ஏதாவது ஏடாகூடமானால் புரோகிராம்களும் செட்டிங்ஸும் இந்த நிலைக்குத் திரும்பும். உங்கள் போட்டோ, வீடியோ, டாகுமென்ட்களை இது காப்பாற்றாது. அவற்றுக்குத் தனியாகப் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் வேண்டும்.

எங்கிருந்து இறக்குவது

ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூகுளில் புரோகிராமின் பெயரைத் தட்டினால் மேலே முதலில் வருவது விளம்பரம். பச்சை நிறத்தில் பெரிய ‘டவுன்லோட்’ பொத்தானோடு இருக்கும் பக்கத்தில் பாதி, வேறெதையோ சேர்த்து உள்ளே தள்ளுவதற்காக வைத்தது. தேடாமல், முகவரியை நேராகத் தட்டுவதே நல்லது. விஎல்சி கிடைக்கும் இடம் வீடியோலேன் டாட் ஆர்க். வேர்டு, எக்செலுக்கு இலவச மாற்றான லிப்ரேஆஃபிஸுக்கு லிப்ரேஆஃபிஸ் டாட் ஆர்க். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப்புக்கு எண் 7, ஒரு சிறுகோடு, ஜிப், டாட் ஆர்க். சிறுகோடு இல்லாமல் டாட் காம் என்று முடியும் முகவரி அவர்களுடையது கிடையாது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டு உபயோகத்துக்கு இதைவிட எளிய வழி நைனைட். நைனைட் டாட் காம் போனால் பெயர்களின் பட்டியல் இருக்கும். வேண்டியவற்றில் டிக் போட்டு ஒரே ஒரு சிறு கோப்பை இறக்கி ஓட்டினால், அதுவே அந்தந்தத் தளத்திலிருந்து சரியான பதிப்பை எடுத்து, கூட வரும் டூல்பார் குப்பைகளுக்கெல்லாம் ‘வேண்டாம்’ சொல்லி, நிறுவி முடிக்கும். இங்கே சொல்லும் பெரும்பாலானவை அதில் உண்டு. கடை, அலுவலகத்தில் பயன்படுத்த வேண்டுமானால் அதன் கட்டணப் பதிப்புதான் முறை.

டேட்டா கணக்கையும் பாருங்கள். செவன்-ஜிப் ஒன்றரை எம்பி அளவுதான். விஎல்சி 40 எம்பியை ஒட்டி. லிப்ரேஆஃபிஸ் 350 எம்பி பக்கம் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவர்கள் லிப்ரேஆஃபிஸை வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் வீட்டில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அதுவே போதும். ஃபயர்ஃபாக்ஸின் சிறிய கோப்பு ஏமாற்றும். அது வெறும் தொடக்கம்தான், ஓட்டியபின் மீதியை நெட்டிலிருந்து இழுக்கும்.

நிறுவும்போது திரை மங்கி ‘இந்த ஆப் மாற்றம் செய்யலாமா’ என்று கேட்கும். அவசரமாக ‘யெஸ்’ தட்டாமல் அதில் பப்ளிஷர் என்ற வரியைப் படியுங்கள். விஎல்சிக்கு வீடியோலேன், லிப்ரேஆஃபிஸுக்கு தி டாகுமென்ட் ஃபவுண்டேஷன், ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லா கார்ப்பரேஷன் என்று வர வேண்டும். செவன்-ஜிப் மட்டும் விதிவிலக்கு. அதில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் மஞ்சள் பட்டையோடு ‘அன்நோன்’ என்று காட்டும். சரியான தளத்திலிருந்து இறக்கியிருந்தால் பயப்பட வேண்டாம். மற்றவற்றில் ‘அன்நோன்’ வந்தால் ‘நோ’ கொடுத்துவிட்டு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

டிஃபால்ட் மாற்றுவது

இரண்டு வழி உண்டு. ஒரே ஒரு வகைக் கோப்புக்கு மட்டும் மாற்ற, அந்தக் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் வித்’, ‘சூஸ் அனதர் ஆப்’, புரோகிராமைத் தேர்ந்து கீழே ‘ஆல்வேஸ்’. ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ என்பதைத் தட்டினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். மாறவில்லையே என்பவர்கள் பலர் தட்டுவது இதைத்தான்.

மொத்தமாக மாற்ற, செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ். கீழே உள்ள பட்டியலில் விஎல்சியைத் தட்டினால் அது திறக்கக்கூடிய கோப்பு வகைகள் எல்லாம் வரிசையாக வரும். எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் பொழுது போய்விடும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்பி3 ஆகிய நான்கை மாற்றினால் அன்றாட வேலைக்குப் போதும். பிரவுசருக்கு மட்டும் மேலே ‘செட் டிஃபால்ட்’ என்று ஒரே பொத்தான் இருக்கும். அதைத் தட்டியபின்னும் ஸ்டார்ட் மெனுவில் தேடினால் எட்ஜ்தான் திறக்கும், விட்ஜெட் செய்திகளும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் அதை அப்படித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் செய்ததில் தவறில்லை.

வீடியோ: விஎல்சி

எல்லோருக்கும் முதலில் சொல்லக்கூடிய மாற்றம் இதுதான். 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது. இன்றும் பிரான்ஸிலுள்ள ஒரு லாப நோக்கமற்ற அமைப்புதான் நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, காசு கேட்காது.

விண்டோஸின் மீடியா பிளேயர் இரண்டு இடத்தில் காலை வாரும். புதிய போன்களில் எடுத்த வீடியோக்கள் பல எச்இவிசி வகையில் இருக்கும். அதைத் திறந்தால் ஸ்டோரில் போய்க் காசு கொடுத்து ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கச் சொல்லும். விஎல்சி அப்படியே ஓட்டும். இரண்டாவது, டிவிடி. விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு வருவதில்லை.

வீட்டு பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி, மஞ்சள் நீராட்டு விசிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் இல்லை, யுஎஸ்பி வகை டிரைவ் ஒன்று வேண்டும். டிவிடியைப் போட்டுத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி கோப்புகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. டிவிடியின் விதியே அப்படி, அதனால்தான் ஒரே கல்யாணம் நாலைந்து துண்டாக இருக்கிறது. 0 என்று முடிவது மெனு. 1 என்று முடிவதிலிருந்து படம் தொடங்கும். ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்தத் துண்டுகளை எண் வரிசையில் விஎல்சிக்குள் இழுத்துப் போட்டால் தொடர்ந்து ஓடும். நகல் பாதியில் நின்றால் டிஸ்க்கில் கீறல் அல்லது பூஞ்சை. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்துப் பாருங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். விசிடியில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் டிஏடி (dat) என்று முடியும் கோப்பு இருக்கும். அதை ஓபன் வித் வழியாக விஎல்சியில் திறங்கள், ஆனால் இங்கே மட்டும் ‘ஆல்வேஸ்’ கொடுக்காதீர்கள். டிஏடி என்ற வால் வேறு பல புரோகிராம்களின் உள் கோப்புகளுக்கும் உண்டு. எல்லாம் விஎல்சி சின்னத்தோடு திரிய ஆரம்பிக்கும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால்: டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ், சப்டைட்டில்ஸ். ஃபான்ட் என்ற இடத்தில் நிர்மலா யுஐ, டிஃபால்ட் என்கோடிங்கில் யுனிவர்சல் யுடிஎஃப்-8. சேவ் செய்து விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். பெரிய வீடியோ விட்டு விட்டு ஓடினால் அதே பிரிஃபரன்ஸஸில் இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டட் டிகோடிங் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா பாருங்கள். படத்தில் பச்சைத் திட்டுகள் வந்தால் நேர்மாறாக அதையே டிஸேபிள் செய்யுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். எதையெதையோ மாற்றிக் குழம்பிவிட்டால் கீழே இடதுபுறம் ரீசெட் பிரிஃபரன்ஸஸ் இருக்கிறது. ஒலி அளவை 100 சதவீதத்துக்கு மேலே ஏற்ற விஎல்சி விடும். லேப்டாப் ஸ்பீக்கர் அதைத் தாங்குமா என்பது வேறு கதை.

ஜிப் கோப்புகள்: செவன்-ஜிப்

விண்டோஸ் 11 இப்போது ரார், செவன்-இசட் கோப்புகளையும் தானே திறக்கிறது. சும்மா பிரித்துப் பார்ப்பதோடு நிற்பவர்களுக்கு வேறெதுவும் வேண்டாம். பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கவும், பெரிய கோப்பைத் துண்டு போடவும்தான் செவன்-ஜிப்.

நிறுவியபின் ரைட் கிளிக் மெனுவில் அதைக் காணோம் என்றால், ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ தட்டுங்கள், அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். ‘ஆட் டு ஆர்க்கைவ்’ என்பதில் வலப்பக்கம் பாஸ்வேர்டு கட்டம், இடப்பக்கம் கீழே ‘ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்’. ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. மெயிலில் போகும்போது கோப்பு கொஞ்சம் பருக்கும், ஆகவே துண்டை 18எம் என்று வைத்து ஒரு மெயிலுக்கு ஒன்றாக அனுப்புங்கள். வாங்குபவர் எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து 001 என்று முடிவதைத் திறக்க வேண்டும்.

பாஸ்வேர்டு போடும்போது ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறை பலமானது. ஆனால் ஜிப் வகையில் அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் விண்டோஸ் 10-இன் சொந்த ஜிப் வசதி அதைத் திறக்காது, “பாஸ்வேர்டு தப்பு” என்று உங்களுக்குத்தான் போன் வரும். எதிரில் உள்ளவரிடமும் செவன்-ஜிப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பிடிஎஃப்

எட்ஜ் பிரவுசரே பிடிஎஃப் திறக்கும். படிப்பதற்கு மட்டும் வேறு வேண்டுமென்றால் சுமத்ராபிடிஎஃப். தட்டியதும் திறக்கும், பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காது. ஆனால் அது முக்கியமாகப் படிக்கவும் பிரிண்ட் எடுக்கவும்தான். படிவம் நிரப்ப அதைத் தேடாதீர்கள்.

அரசு ஆவணங்களுக்கு அடோபி ரீடர் ஒன்றை வைத்திருப்பது நல்லது, டிஃபால்ட்டாக இல்லாவிட்டாலும். இ-ஆதாரிலும் இ-சேவை வழியாக வரும் சான்றிதழ்களிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். இ-ஆதாரில் அதன்மேல் மஞ்சள் கேள்விக்குறியோடு ‘வேலிடிட்டி அன்நோன்’ என்று காட்டுவதைப் பார்த்துப் போலியோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போலி என்று அர்த்தமில்லை, கையெழுத்திட்டவரின் சான்றை உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் நம்பப் பழகவில்லை. அடோபி ரீடரில் அந்தக் கையொப்பத்தின்மேல் ரைட் கிளிக் செய்து வேலிடேட் சிக்னேச்சர், சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ் வழியாகப் போய் அந்தச் சான்றை நம்பத்தக்கதாகச் சேர்த்தால் பச்சை டிக் வரும். ‘பிளீஸ் வெயிட்’ என்ற வரியோடு மட்டும் நிற்கும் பிடிஎஃப் படிவங்களும் அடோபியில்தான் திறக்கும். அடோபி ரீடரை இறக்கும்போது பக்கத்திலேயே ஆன்டிவைரஸ் சேர்த்துத் தரட்டுமா என்று டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

எழுத்து, கணக்கு: லிப்ரேஆஃபிஸ்

விண்டோஸோடு காலங்காலமாக வந்த வேர்ட்பேட் 2024இல் வந்த 24எச்2 பதிப்போடு காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் வேர்டு இருக்கிறதே என்றால், அது மூன்று விதமாக இருக்கலாம். வாழ்நாள் உரிமத்தோடு வந்த ஆஃபிஸ் ஹோம் (முன்பு ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்), கொஞ்ச நாள் ஓடி நிற்கும் டிரையல், அல்லது கடைக்காரர் ‘ஃப்ரீயா போட்டுத் தரேன் சார்’ என்று போட்ட திருட்டு நகல். முதல் வகையா என்று பில்லையும் பெட்டியையும் பாருங்கள். அப்படியானால் லேப்டாப் வாங்கிய கையோடு வேர்டைத் திறந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்த்துவிடுங்கள், காலம் தாழ்த்தினால் உரிமம் கைநழுவலாம். அது கொடுத்த காசுக்கு வந்த சொத்து, அவசரப்பட்டு நீக்காதீர்கள். மூன்றாவது வகையோடு என்ன வைரஸ் கூட வந்ததோ தெரியாது. அதை நீக்கிவிட்டு லிப்ரேஆஃபிஸ் போடுவதே மேல்.

லிப்ரேஆஃபிஸ் 2010இல் ஓபன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்தது. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது இன்னொரு வகையிலும் உதவும். பிரான்ஸில் அரசு அலுவலகங்கள் பலவற்றில் லிப்ரேஆஃபிஸின் சொந்த வகையான ஓடிடி (odt) டாகுமென்ட்கள் புழக்கத்தில் உண்டு. அங்கிருக்கும் உறவினர் அனுப்பும் படிவம் ஓடிடியாக வந்தால் லிப்ரேஆஃபிஸில் இம்மி பிசகாமல் திறக்கும்.

நிறுவும்போது டிபிக்கலுக்குப் பதில் கஸ்டம் கொடுத்தால் யூசர் இன்டர்ஃபேஸ் மொழிகளில் தமிழும் இருக்கும். மெனுவே தமிழில் வேண்டுமானால் அதைச் சேர்க்கலாம். அப்புறம் இந்த மூன்று செட்டிங்ஸ், இவற்றைச் செய்யாமல் விட்டவர்கள்தான் ஒரு வாரத்தில் “இது சரிப்படல” என்று கைவிடுகிறார்கள்.

1. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல். டாகுமென்ட் டைப்பில் டெக்ஸ்ட் டாகுமென்ட் தேர்ந்து, ‘ஆல்வேஸ் சேவ் அஸ்’ என்பதில் வேர்டு 2010-365. அதேபோல ஸ்பிரெட்ஷீட்டுக்கு எக்செல் 2010-365. இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் கோப்பு ஓடிடியாகப் போய், எதிரில் இருப்பவர் “திறக்கல” என்பார்.

2. அதே ஆப்ஷன்ஸில் லாங்வேஜஸ் அண்ட் லோகேல்ஸ், ஜெனரல். ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதில் டிக் போட்டுப் பக்கத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள்.

3. இரண்டாவதைச் செய்து ஓகே கொடுத்து மறுபடி திறந்தால் லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் பகுதியில் ‘பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)’ என்று புதிதாக ஒன்று தெரியும். அதில் டிஃபால்ட்டுக்கு நிர்மலா யுஐ.

லிப்ரேஆஃபிஸ் ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபான்ட்டும் அளவும், தமிழுக்குத் தனியாக ஒரு ஃபான்ட்டும் அளவும் வைத்துக்கொள்ளும். ஒரே வரியில் இரண்டும் கலந்து எழுதும்போது ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஃபார்மட், கேரக்டர் திறந்தால் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும், இரண்டையும் சரிசெய்யுங்கள். லதா, விஜயா ஃபான்ட்கள் காணவில்லை என்றால் அவை இப்போது தானாக வருவதில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்க்க வேண்டும்.

வேர்டில் செய்த கோப்பு இங்கே திறக்கும்போது வரிகள் இடம் மாறினால் அதுவும் ஃபான்ட் விவகாரம்தான். காலிப்ரிக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ லிப்ரேஆஃபிஸோடு வருகிறது, அதனால் பழைய கோப்புகள் தப்பிக்கும். வேர்டின் புது டிஃபால்ட்டான ஆப்டோஸுக்கு அப்படி ஒரு ஜோடி இல்லை, பக்கம் தள்ளிப்போகும். ஜெராக்ஸ் கடைக்கு பயோடேட்டா பிரிண்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்’ கொடுத்து பிடிஎஃப்பாகவே கொண்டுபோங்கள். ஃபான்ட்டும் உள்ளேயே அடங்கிவிடும், கடைக்காரரின் கம்ப்யூட்டரில் எது இருந்தாலும் கவலையில்லை.

எக்செல் வேலையில் ஓர் எல்லை உண்டு. மேக்ரோ நிறைந்த கோப்புகள், குறிப்பாக வருமான வரித் துறையின் எக்செல் யுட்டிலிட்டி போன்றவை, மைக்ரோசாஃப்ட் எக்செலை நம்பி எழுதப்பட்டவை. ஆடிட்டர் அலுவலக வேலை செய்பவர்கள் எக்செலை விட்டு வர முடியாது.

தமிழ் தட்டச்சு

இதற்கு வெளியிலிருந்து எதுவும் இப்போது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் போய் தமிழைச் சேர்த்து, அதன் லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 அல்லது ஃபொனெடிக் கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பழைய டைப்ரைட்டர் அமைப்பில் கை பழகியவர்களுக்கு மட்டும் விண்டோஸில் அது இல்லை. அவர்கள் இ-கலப்பை போட்டுக்கொள்ளலாம்.

பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகத் தெரிகிறதா? அது பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண்தான், ஃபான்ட் அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டியது. அந்த ஃபான்ட் கோப்பைத் தேடிப்பிடித்து ரைட் கிளிக், இன்ஸ்டால் செய்தால் மறுபடி தெரியும். ஆனால் தேடவோ வாட்ஸாப்பில் ஒட்டவோ முடியாது, அதற்கு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடாக மாற்ற வேண்டும். தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, டிடிபி கடைகளில்தான் பழையது இன்னும் வாழ்கிறது. மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் பல உண்டு. சொத்துப் பத்திரம், வழக்குக் காகிதம் போன்றவற்றை அதில் ஒட்டாதீர்கள்.

போட்டோ, தேடல், பிரவுசர், மெயில்

தேர்வு விண்ணப்பங்களுக்கு “போட்டோ 50 கேபிக்குள்” என்பார்கள். விண்டோஸின் ஃபோட்டோஸ் ஆப்பிலேயே ரீசைஸ் இமேஜ் உண்டு, தரத்தை நகர்த்த நகர்த்த எத்தனை கேபி ஆகும் என்று காட்டும். ஒன்றிரண்டுக்கு அது போதும். நூறு படங்களை ஒரே அடியில் சுருக்க வேண்டுமானால் இர்ஃபான்வியூ. பி (B) என்ற எழுத்தைத் தட்டினால் பேட்ச் கன்வெர்ஷன் திறக்கும். வீட்டுக்கு இலவசம், ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும்.

எங்கோ வைத்த கோப்பைத் தேட விண்டோஸின் தேடலைவிட எவ்ரிதிங் பல மடங்கு வேகம். டிஸ்க்கின் கோப்புப் பட்டியலையே நேராகப் படிப்பதால் தட்டத் தட்ட விடை வரும், தமிழ்ப் பெயரிலும் தேடலாம். அது வழக்கமாகத் தேடுவது பெயரைத்தான், கோப்புக்குள்ளே இருக்கும் வரியை அல்ல.

பிரவுசரில் எட்ஜே பரவாயில்லை. விளம்பரத் தொல்லை தாங்கவில்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸ், அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். குரோமில் அதன் முழுப் பதிப்பு இப்போது வேலை செய்வதில்லை. பழைய மெயில் ஆப் 2024 முடிவோடு நின்றது, அதன் இடத்துக்குப் புது அவுட்லுக் வந்தது. எல்லா மெயிலும் கம்ப்யூட்டரிலேயே இறங்கி இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தண்டர்பேர்டு. நவம்பர், டிசம்பரில் புயல் வந்து நெட் போகும் ஊரில் இது சின்ன வசதி இல்லை.

தொடக் கூடாதவை

விண்டோஸின் டிஃபெண்டர். வீட்டு உபயோகத்துக்கு இதைவிட்டு வேறு ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸ் டிரையல் இருந்தால்தான் சிக்கல். அது இயங்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். டிரையல் முடிந்தபின் அதுவும் காவல் காக்காமல் பணம் கேட்டு மட்டும் எட்டிப் பார்க்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸில் அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் தளத்திலேயே முழுமையாக நீக்கும் கருவி இருக்கும்.

ஸ்னிப்பிங் டூல், கால்குலேட்டர், நோட்பேட், பெயின்ட் எல்லாம் முன்பைவிட நன்றாக மாறிவிட்டன. அவற்றுக்கு மாற்று தேடுவது வெட்டி வேலை. எட்ஜையும் ஸ்டோரையும் பிடுங்கச் சொல்லும் ஸ்கிரிப்ட்கள், ‘பிசி ஆப்டிமைஸர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’ பக்கமே போகாதீர்கள். டிரைவருக்கு விண்டோஸ் அப்டேட்டும் லேப்டாப் கம்பெனியின் தளமும் போதும்.

அப்டேட்

ஸ்டோரில் எடுத்தவை தாமாக அப்டேட் ஆகும். ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. விஎல்சியில் ஹெல்ப் மெனுவில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ தட்ட வேண்டும். செவன்-ஜிப் வாய் திறக்காது, புதுப் பதிப்பு வந்ததைச் சொல்லவே சொல்லாது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்கள். ஹெல்ப், அபவுட் பாருங்கள், 25க்குக் கீழே என்றால் புதியதை அதன்மேலேயே நிறுவினால் போதும். நைனைட்டில் நிறுவியவர்கள் அன்று இறக்கிய அதே சிறு கோப்பை மீண்டும் ஓட்டினால் பழையது மட்டும் புதிதாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 7-இல் இருப்பவர்களுக்கு குரோம் 109-உம் ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆரும்தான் கடைசி. விஎல்சி, செவன்-ஜிப், சுமத்ரா எல்லாம் அதில் இன்னும் ஓடும், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸுக்கு மாற்றான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். 4 ஜிபி ரேம் உள்ளவற்றில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். லிப்ரேஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் அதில் கூடவே வரும். தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம், விழுப்புரத்தில் விஜிளக் ஆகிய கட்டற்ற மென்பொருள் தன்னார்வக் குழுக்களிடம் விசாரிக்கலாம். எதுவானாலும் போட்டோக்களை வெளி டிஸ்க்கில் ஏற்றி, அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு ஆரம்பியுங்கள்.